9. எந்தப் பள்ளிக்கூடம் முதலில்?

மூன்று கிழமையாக அந்தப் படிவம் பிரிட்ஜ் கதவில், மடு மாதா படம் போட்ட காந்தத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. பால் எடுக்கப் போனாலும் கண்ணில் படும், முட்டை எடுக்கப் போனாலும் கண்ணில் படும். வெள்ளிக்கிழமை காலை பியற்றிஸ் பால் எடுக்கப் போனபோதும் அங்கேதான் இருந்தது. விருப்ப வரிசைப்படி பள்ளிக்கூடங்களை எழுத ஆறு கட்டங்கள். ஆறும் வெறுமை.

இன்று பின்னேரம் நாலு மணிதான் கடைசி. மகள் ஷெறோன் வருகிற செப்டெம்பரில் எந்தப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகப்போகிறாள் என்று அதற்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

இதுவரை பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிக்கூடத்தைத்தான் இந்தக் குடும்பம் முதலில் நம்பியிருந்தது. பங்குக் குருவோ, "உங்களை நான் பூசையில் கண்டதேயில்லையே" என்று அந்தப் பள்ளிக்கூடம் கேட்ட சான்றில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். எப்படிக் காண்பார்? ஞாயிறு தவறாமல் இரண்டு பஸ் மாறி, வேறொரு பங்கில் நடக்கிற தமிழ்ப் பூசைக்கல்லவா இவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்! ஏழு வருடப் பக்தி எடுபடாமல் போயிற்று.

மிஞ்சியது இரண்டு. ஒன்று, கிழக்கு லண்டனில் இல்ஃபோர்ட், பார்க்கிங் என்ற இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருக்கிற பழைய கவுன்சில் பள்ளிக்கூடம். பியற்றிஸ் ஒன்பது வருடமாக லாப் டெக்னீசியனாக வேலை செய்கிற இடம். மற்றது, அதற்குப் பின்தெருவில் போன வருடம் திறந்த, அக்கடமி என்கிற புதுவகைப் பள்ளிக்கூடம். நாலு மாடியும் கண்ணாடி. நம்மவர்கள் அதற்கு வைத்த பெயரே கண்ணாடிப் பள்ளிக்கூடம்.

யாக்கோப்புக்குக் கண்ணாடிதான் வேண்டும். பியற்றிஸுக்குப் பழசுதான். அந்த வீட்டில் மூன்று கிழமையாகச் சோற்றோடு கறி இருந்ததோ இல்லையோ, இந்தச் சண்டை இருந்தது.

"அங்க வேலை செய்யிற நாங்களே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினா, மற்றச் சனம் நிக்குமோ?" என்று நேற்றும் கேட்டிருந்தாள். "பிள்ளையள் குறையக் குறையக் காசு குறையுது. காசு குறையக் குறையப் பிள்ளையள் குறையுது. ஆராவது ஒராள் நிண்டாத்தானே!"

யாக்கோப்பு வாயைத் திறக்கவில்லை. சுரங்க ரயில் ஸ்டேஷனில் வேலை செய்கிற மனிதர். சனம் கத்தும்போது பேசாமல் நிற்பது தொழிலோடு வந்த பழக்கம்.

அப்படிப் பேசிய அதே பியற்றிஸின் கைப்பைக்குள் என்ன கிடந்தது என்பது அவருக்குத் தெரியாது. அந்தக் கடிதம் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். கண்ணாடிப் பள்ளிக்கூடத்தில் வேலை செய்துகொண்டே பயிற்சி எடுத்து, ஒரு வருடத்தில் ரசாயன ஆசிரியை ஆகலாம். நேர்முகம் இன்று பத்தரை மணிக்கு.

"என்னப்பா, நல்ல உடுப்பு போட்டிருக்கிறீர்?" லீவு நாள் என்பதால் இடுப்பில் சாரத்தோடு தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த யாக்கோப்பு கேட்டார்.

"மற்றதெல்லாம் தோய்க்கக் கிடக்கு."

"அப்ப படிவம்?"

"நான் மத்தியானம் போன் பண்ணிச் சொல்றன். அதுக்கு முன்னம் ஒண்டும் எழுதிப்போடாதேங்கோ, கேட்டுதோ?"

"ஓம், ஓம்."

சொல்லியிருக்கலாம். கட்டினவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? ஆனால் நல்ல காரியத்தை நடக்கும் முன் வாயைத் திறந்து சொன்னால் நாவூறு பட்டுப்போகும் என்பது பியற்றிஸ் பட்டறிந்த பாடம். தொண்ணூற்றாறில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் போன் அடித்துச் சொன்னாள். மூன்றாம் மாதம் ஷெறோன் வயிற்றில். வாந்தியில் எழும்ப ஏலவில்லை. இடம் போய்விட்டது. பிள்ளையை நொந்து என்ன செய்ய? அவள் வாயைத்தான் நொந்தாள்.

அதனால் இந்த முறை யாருக்கும் மூச்சு விடவில்லை. வீட்டுக்கு வேலை, வேலைக்குப் பல் டாக்டர். இரண்டு பொய். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக!

*

பஸ்ஸில் ஏறி இருந்ததும் போன் அடித்தது. மரியநாயகி அக்கா. யாழ்ப்பாணத்தில் பியற்றிஸ் படித்து, பிறகு மூன்று வருடம் படிப்பித்த கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தின் லண்டன் பழைய மாணவிகள் சங்கத் தலைவி.

"பியற்றிஸ், ஞாபகம் இருக்குத்தானே? வாற மாசம் எங்கட லஞ்ச். இந்த முறை லாப் கூரை. ஓடு மாத்தோணுமாம். உம்மட மேசைக்குப் பத்துப் பேர்."

"பத்துப் பேரோ? பார்ப்பம் அக்கா."

"பார்ப்பம் இல்லை. நீர் நிண்டு படிப்பிச்ச லாப் அது. வேற என்ன புதினம்?"

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பியற்றிஸ் அதைக் கடித்துக்கொண்டாள்.

"ஒரு புதினமும் இல்லை அக்கா."

போனை வைத்த பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற கூரைக்கு லண்டனில் பிரியாணி விற்றுக் காசு சேர்க்கிறோம். இங்கே ஒன்பது வருடமாக நான் நிற்கிற கூரைக்குக் கீழே மூன்று வாளி வைத்திருக்கிறேன். அதற்கு யார் லஞ்ச் வைப்பது?

ஆனாலும் மரியநாயகி அக்கா சொன்ன அந்த ஒரு வார்த்தை உள்ளே இறங்கி இருந்துவிட்டது. நீர் நிண்டு படிப்பிச்ச லாப். நின்று படிப்பித்து எத்தனை காலம்! பதினேழு வருடமாகப் பியற்றிஸ் எந்த வகுப்பின் முன்னாலும் நிற்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் டிரேயோடு நின்றிருக்கிறாள். சிந்தினதைத் துடைத்திருக்கிறாள். மாஸ்டர்மார் பிழையாகச் சொல்லும்போது சரியான விடை தொண்டை வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது. பிள்ளைகள் அவளிடம் கேட்பது ஒரே கேள்விதான். "பீக்கர் எங்கே மிஸ்? தீப்பெட்டி எங்கே மிஸ்?" எங்கே, எங்கே, எங்கே.

தலைமையாசிரியை நல்ல மனுசி. மூன்று வருடம் தொடர்ந்து, "இந்த வருடம் உன்னைப் பயிற்சியில் போடுகிறேன்" என்று சொன்னார். மூன்று வருடமும் யூலை மாதம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். சம்பளம் கொடுக்கவும், பயிற்றுவிக்கிறவருக்கு நேரம் ஒதுக்கவும், அவளுடைய இடத்துக்கு வேறொருவரைப் போடவும் பள்ளிக்கூடத்திடம் காசில்லை. அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். அடுத்த வருடத்துக்கு எப்போதும் ஒரு அடுத்த வருடம் இருந்தது.

*

கண்ணாடிப் பள்ளிக்கூடத்துக்குள் காலை வைத்ததும் அவளுக்கு முதலில் தெரிந்தது மணம். புதுப் பலகை, புதுப் பெயின்ட். ஈர மணம் இல்லை.

விஞ்ஞானப் பகுதித் தலைவருக்கு முப்பது வயதுகூட இராது. அவளை லாப்பில் விட்டு, "இருபது நிமிடப் பாடம், அமிலமும் காரமும். வேண்டியதெல்லாம் மேசையில் இருக்கிறது. பிள்ளைகள் வர இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பியற்றிஸ் தனியே நின்றாள். முப்பது காஸ் குழாய், ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். ஒன்றாவது இறுகிக் கிடக்கவேண்டுமே! எல்லாம் பஞ்சு மாதிரித் திரும்பின. சோதனைக் குழாய்கள் பெட்டி பெட்டியாய், ஒன்றின் வாயிலும் உடைவு இல்லை. அவளுக்குப் பொறாமையாக இருந்தது. கலியாண வீட்டில் மற்றவள் கூறைச் சேலையைத் தொட்டுப் பார்ப்பவளைப் போலத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

பிறகு மேசைக்கு வந்தாள். லிற்மஸ் தாள் கட்டுக் கட்டாகக் கிடந்தது. கத்தரிக்கோலும் கிடந்தது. அவள் யோசிக்கவேயில்லை. கை தன்பாட்டில் கத்தரியை எடுத்து, ஒவ்வொரு தாளையும் நீளப்பாட்டில் நாலாக வெட்டத் தொடங்கிவிட்டது. பழைய பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டை ஒரு தவணை முழுக்க ஓட்டவேண்டும். ஒன்பது வருடம் வெட்டிய கை அது.

பிள்ளைகள் வந்து இருந்து தாளைக் கையில் எடுத்ததுமே முன்வரிசைப் பையன் கத்தினான்.

"மிஸ், என் தாள் கிழிந்துபோயிருக்கிறது!"

"என்னுடையதும்!"

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. பாடம் பார்க்க வந்து பின்சுவரோடு நின்ற பகுதித் தலைவரும் பள்ளிக்கூட அதிபர் அம்மையாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மேசையில் இன்னும் பத்துக் கட்டு உடைக்காமல் கிடப்பது பியற்றிஸுக்கு அப்போதுதான் மனதில் பட்டது. மடு மாதாவே! முகம் சுட்டது.

ஓடிவிடலாமா என்று ஒரு கணம். பிறகு எங்கிருந்தோ அந்தப் பழைய ரீச்சர் வந்தாள்.

"கிழியவில்லை. நான்தான் வெட்டினேன்," என்றாள். "எலுமிச்சம் புளிக்குத் தாள் பெரிதோ சிறிதோ என்று தெரியுமா? தோய்த்துப் பாருங்கள்."

தோய்த்தார்கள். நூல் போன்ற நீலத் தாள்கள் மேசைக்கு மேசை சிவந்தன. "ஓ" என்று ஒரு சத்தம் எழுந்தது. மூன்றாவது வரிசையில் தலையை இறுக்கிப் பின்னிய ஒரு சின்னப் பெட்டை மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கையைத் தூக்கினாள். அவளுக்கு வந்தது சிவப்புத் தாள்.

"மிஸ், என்னுடையது மாறவில்லை. ஏன்?"

ஏன்.

பதினேழு வருடம்! பதினேழு வருடத்தில் முதல் தடவையாக ஒரு பிள்ளை அவளிடம் ஏன் என்று கேட்டது. அவள் அந்த மேசைக்கு நடந்து போனாள். பக்கத்தில் குனிந்தாள்.

"நல்ல கேள்வி. நீ என்ன நினைக்கிறாய்?"

மிச்சப் பாடம் எப்படி ஓடியது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. மணி அடித்தபோது சின்னவள் சவர்க்காரத் தண்ணீரில் தன் தாளை நீலமாக்கிவிட்டு, அதைக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

பாடம் முடிந்து சாமான் அறையைக் காட்டினார்கள். மூலையில் மின்தராசுகள் எட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"இவை பழுதோ?" என்று கேட்டாள்.

"இல்லை, போன வருடம் வாங்கியவை. இந்த வருடம் நல்ல மாடல் வந்துவிட்டது. இவற்றை எறியப்போகிறோம்," என்றார் பகுதித் தலைவர், ஏதோ பழைய பேப்பரைச் சொல்வதுபோல.

பழைய பள்ளிக்கூடத்தில் இருப்பது மூன்று தராசு. அதில் ஒன்றுக்குத் தட்டு உடைந்து, ஜாம் போத்தல் மூடியை வைத்து நிறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"எறிய வேண்டாம்! எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தாருங்கள். நானே வந்து தூக்கிக்கொண்டு போகிறேன்."

வாயை விட்டு வந்துவிட்டது. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேலை கேட்டு வந்தவள், அங்கேயே நின்று இன்னொரு பள்ளிக்கூடத்துக்குத் தராசு கேட்டால் எப்படி இருக்கும்?

அதிபர் அம்மையார் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "மிஸஸ் யாக்கோப்பு, நீங்கள் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேலை செய்கிறீர்கள்?"

பியற்றிஸ் திரும்பி அந்தத் தராசுகளைப் பார்த்தாள்.

"தராசு உங்களுக்குத்தான். ஜனவரியில் நீங்கள் எங்களுக்கு. சம்மதமா?"

"ஓம்," என்றாள் பியற்றிஸ். சொன்னது தமிழ் என்று உறைக்கவே சில விநாடி பிடித்தது. தலை ஆடியதிலேயே அவர்களுக்கு விளங்கிவிட்டது.

வேலைக்கு எடுத்த கடிதத்தைக் கையோடு அடித்துக் கொடுத்தார்கள். திங்கள் மத்தியானத்துக்குள் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அவள் அதை இரண்டாக மடித்துக் கைப்பையின் உள் அறையில் வைத்து ஸிப்பை இழுத்தாள்.

*

பழைய பள்ளிக்கூடத்தின் வாசலில் மெய்யப்பன் அவளைப் பிடித்துக்கொண்டார். கிள்ளானில் பிறந்து, கணக்கியல் படிக்க லண்டன் வந்து, முப்பது வருடமாகத் திரும்பிப் போகாத மலேசியத் தமிழர். பள்ளிக்கூடத்தின் வரவு செலவு முழுக்க அவர் கையில்.

"என்னம்மா, பல்லு எப்படி இருக்கு? புடுங்கிட்டாங்களா?"

"இல்லை அண்ணை. இப்ப பரவாயில்லை."

"பரவாயில்லன்னு விட்டுடாதீங்க. இந்தாங்க, கிராம்பு எண்ணெய். எங்க வீட்டுல இதுதான் டாக்டர். பஞ்சுல தொட்டு வச்சுக்குங்க."

சின்னப் போத்தல். அவளுக்கென்றே வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார். பியற்றிஸ் அதை வாங்கிக் கைப்பையின் உள் அறையில், கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நோகாத பல் உண்மையாகவே நோகத் தொடங்கியது.

"இன்னொன்னு சொல்றேன், இங்க வாங்க." மெய்யப்பன் குரலைத் தாழ்த்தினார். "நேத்து நம்ம ஸ்கூல் நிர்வாகக் குழு மீட்டிங். இந்த வருசம் அறுபது புள்ளைங்க கொறஞ்சு போச்சு. போற புள்ளை தன் பங்குக் காசையும் கையோட எடுத்துக்கிட்டுத்தான் போவுது. ஆனா புள்ளை கொறஞ்சிடுச்சுன்னு கூரை பாதி ஒழுகுமா? ஹீட்டரு பாதி எரியுமா? செலவு அதேதான்."

"அங்க மட்டும் எப்பிடி அண்ணை?"

"அவங்களுக்கு அரசாங்கத்துலேருந்து நேரா வருதுலா. நமக்குக் கவுன்சில் வழியா வருது, கவுன்சில் தன் பங்கை எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் தருது. அவங்களுக்கு அந்தப் பங்கும் சேத்துக் கைக்கு. கட்டடத்துக்குத் தனியா கோடிக் கணக்குல. நமக்கும் புதுக் கட்டடம் வரும், வரிசையில நிக்கறோம். இன்னும் அஞ்சு வருசம்ங்கறாங்க. பொறுத்தார் பூமி ஆள்வாராம். எனக்குப் பூமி வேணாம்மா, ஒழுகாத கூரை போதும்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"விசயத்துக்கு வரேன். ஒரு ஆளைக் குறைக்கணும்னாங்க. டெக்னீசியனா, லைப்ரரியா. நான் ஒத்தக் கால்ல நின்னேன். அந்தம்மா இல்லைன்னா ஒரு புள்ளை ஒரு சோதனைக் குழாயைத் தொட முடியாதுன்னேன். ஆமா, உங்க வேலையைக் காப்பாத்திட்டேன்!"

"லைப்ரரியில... கிரிஜாவையோ?"

"ஆமா. பாவம். கிறிஸ்மஸோட." மெய்யப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன செய்யறது? யாராவது ஒருத்தர்."

பியற்றிஸ் வாயைத் திறந்தாள். அண்ணை, நான் போறன், கிரிஜாவை விடுங்கோ என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை இதோடு முடிந்திருக்கும். கடிதத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லையே! போடும் முன் சொன்னால்? தொண்ணூற்றாறாம் ஆண்டு அவள் வாயைப் பொத்தியது.

"அண்ணை, எட்டுத் தராசு சும்மா கிடைச்சா எடுப்பீங்களோ?"

"யாரும்மா தருவா?"

"ஆராவது."

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "பல்லு டாக்டரு ஊசி ஏதாவது போட்டாரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நடுவாளி பாதி நிறைந்திருந்தது. ஊற்றிவிட்டு வந்து யாக்கோப்புக்குப் போன் எடுத்தாள். மணி ஒன்றரை. கண்ணாடியை முதலில் போடுங்கோ என்று சொல்லப்போகிறாள். மூன்று கிழமை கத்திய வாயால் அதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"இஞ்சேருங்கோ, அந்தப் படிவம்..."

"எழுதியாச்சு. பிள்ளையை விடப் போகேக்கையே ஸ்கூல் ஒபிஸில குடுத்தாச்சு."

"காலமையேயோ? நான் சொல்லும்வரைக்கும் எழுத வேண்டாமெண்டெல்லோ சொன்னனான்!"

"ஏசாதையும். பின்னேரம் வீட்ட வாரும், சொல்றன்."

குரலுக்குள் ஒரு சிரிப்பை ஒளித்து வைத்திருந்தார். பியற்றிஸுக்கு விளங்கிவிட்டது. கள்ள மனுசன்! அவளைக் கேட்காமல் கண்ணாடியைப் போட்டுவிட்டார். வேறொரு நாளாக இருந்தால் ரசாயனம் தேவையில்லை, அவள் வாயாலேயே கட்டடம் தீப்பிடித்திருக்கும்.

"சரி. நல்லது," என்றாள்.

யாக்கோப்புக்கு ஆச்சரியம். "என்னப்பா, ஏசேல்லையே?"

"இல்லை."

அதன் பிறகு பின்னேரம் முழுக்க அவள் கை குழாய்களைக் கழுவியது, மனம் அடுத்த செப்டெம்பரில் நின்றது. அவளும் ஷெறோனும் காலையில் ஒரே வாசலால் உள்ளே போகிறார்கள். இருவர் கழுத்திலும் ஒரே நிற அடையாள அட்டைப் பட்டி. லாப்பில் மூன்றாவது வரிசையில் ஷெறோன் இருக்கிறாள். கையைத் தூக்குகிறாள். ஏன் மிஸ்? வீட்டில் அம்மா, அங்கே மிஸ். ஐயோ, அந்த ஒரு நாளைக் கண்ணால் கண்டுவிட்டால் போதுமே என்று இருந்தது. வாளியில் சொட்டு விழுந்த சத்தம் கேட்கும்போது மட்டும் கிரிஜாவின் முகம் வந்து போயிற்று. அவள் தண்ணீரைத் திறந்துவிட்டு இன்னும் பலமாகக் கழுவினாள்.

*

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே மீன் கட்லட் மணம். யாக்கோப்பு பொரித்துக்கொண்டிருந்தார். மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்தது. பிரிட்ஜ் கதவில் காந்தம் மட்டும் தனியே இருந்தது.

ஷெறோன் பாய்ந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அம்மா! சர்ப்ரைஸ்! அப்பா, நீங்க சொல்லுங்கோ. இல்லை, நான் சொல்றன். இல்லை, நீங்க!"

"தெரியும்," பியற்றிஸ் சிரித்துக்கொண்டு கைப்பையை மேசையில் வைத்தாள். "கொப்பா கடைசியில தான் நினைச்சதைச் செய்துபோட்டார். கண்ணாடிதானே?"

யாக்கோப்பு அடுப்பை நிறுத்தினார். கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தார். அந்த மனிதரின் முகத்தில் அவள் அப்படியொரு பெருமையைக் கண்டது ஷெறோன் பிறந்த அன்றைக்குத்தான்.

"கண்ணாடியும் இல்லை, கிண்ணாடியும் இல்லை. உம்மட பள்ளிக்கூடம்தான். முதல் கட்டத்தில."

பியற்றிஸ் கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேற்று நீர் சொன்னதை யோசிச்சனான். ஆராவது ஒராள் நிண்டாத்தானே எண்டீரே. ஒன்பது வருசம் நீர் அந்த ஒழுகிற கூரைக்குக் கீழ நிக்கிறீர். என்ர பிள்ளை ஏழு வருசம் நிண்டாக் கரைஞ்சே போயிடுவாள்? தாயும் பக்கத்தில. அப்பிடித்தான் நினைச்சு எழுதினனான்."

"ரெண்டாவது?" அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ரெண்டாவது கட்டத்தில கண்ணாடியைப் போட்டனீங்கள்தானே?"

"சீச்சீ! ரெண்டாவது எழுதினா, இவைக்கு முதலாவதில நம்பிக்கை இல்லை எண்டெல்லே நினைப்பினம்? மிச்சம் அஞ்சையும் கோடு போட்டு அடிச்சனான்."

மணி ஐந்தே முக்கால். நாலு மணி போய் ஒன்றே முக்கால் மணித்தியாலம்.

"இதைப் பாருங்கோ அம்மா!" ஷெறோன் ஒரு தாளை நீட்டினாள். "அப்பா படிவத்தைப் போட்டோ கொப்பி எடுத்து வச்சவர். காரணம் எழுதுற இடம் இருந்தது. அதை நான்தான் எழுதினனான்."

ஏன் இந்தப் பள்ளிக்கூடத்தை விரும்புகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே நாலு வரி இடம். ஷெறோனின் உருண்டை எழுத்து ஒரு வரியோடு நின்றிருந்தது.

'அங்கே என் அம்மா இருக்கிறார்.'

பியற்றிஸ் அதை வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். மூன்றாம் தடவை எழுத்துக் கலங்கிவிட்டது.

"என்ன, சந்தோசம் இல்லையே?" யாக்கோப்பின் முகம் மெல்ல மாறியது. "இதைத்தானே கேட்டனீர்?"

சந்தோசம்தான் என்று சொல்ல ஏலாது. நடந்ததைச் சொல்ல அதைவிட ஏலாது. காலையிலிருந்து பழகிய பொய்தான் வாய்க்குச் சுகமாக வந்தது.

"பல்லு நோகுது," என்றாள் பியற்றிஸ். "காலமை தொடக்கம் சரியான நோ."

"அதைச் சொல்லாமல் நிக்கிறீர்! மருந்து ஏதும் போட்டனீரே?"

"மெய்யப்பன் அண்ணை கிராம்பு எண்ணெய் தந்தவர்." கண்ணைத் துடைத்துக்கொண்டே, யோசியாமல் சொன்னாள். "பைக்குள்ள கிடக்கு."

"நீங்க இருங்கோ அம்மா, நான் எடுக்கிறன்!"

"வேண்டாம் பிள்ளை, விடு..."

அவள் எழும்ப முன்னம் ஷெறோன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். முன் அறைக்குள் கையை விட்டாள், பஸ் டிக்கெட்தான் வந்தது. நடு அறைக்குள் விட்டாள், கைக்குட்டைதான் வந்தது.

"இதுக்குள்ள இருக்கும்," என்று உள் அறையின் ஸிப்பை இழுத்தாள்.